2¹²⁷ − 1: நீளத்தைத் தவிர இந்தப் பகா எண்ணில் வேறு என்ன இருக்கிறது?

வகுமீதி:

பெரிய பகா எண் என்று பேச்செடுத்தாலே, எத்தனை இலக்கம் என்பதோடு பேச்சு முடிந்துபோகிறது. 2024 அக்டோபரில் 2-இன் அடுக்கு 136279841, அதில் ஒன்று குறைவு என்ற எண் அறிவிக்கப்பட்டபோதும் அப்படித்தான். 4 கோடியே 10 லட்சம் இலக்கங்கள் என்றார்கள், அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த எண்ணின் குணம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

அதனால் ஒரு வரியில் எழுதிவிடக்கூடிய ஒரு பகா எண்ணை எடுத்து இங்கே ஆற அமரப் பேசலாமா?

170141183460469231731687303715884105727

இதுதான் 2¹²⁷ − 1. மொத்தம் 39 இலக்கங்கள். 2-ஐ எந்த அடுக்குகளுக்கு உயர்த்தி ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்று மெர்சென் 1644-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார் (இவ்வகைப் பகா எண்களுக்கு அவர் பெயர்தான்). அதில் 127 என்ற அடுக்கு இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலை நம்ப முடியாது: 67, 257 இரண்டும் தவறாகச் சேர்ந்தவை; 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. 127 சரிதான் என்று 1876-ல் காட்டியவர் பிரான்சின் எட்வர்டு லூக்காஸ். அதன்பின் 1951 வரை, 75 ஆண்டுகள், மனிதருக்குத் தெரிந்த பகா எண்களில் இதுவே மிகப் பெரியது.

என் கட்சி இது: இந்த எண்ணின் நல்ல குணங்கள் எல்லாம் இதற்கு அடுத்த எண்ணிலிருந்து வருகின்றன. எண்ணை ‘ப’ என்று வைத்துக்கொண்டால், ப + 1 = 2¹²⁷. அதாவது வெறும் 2-களின் பெருக்கல். ஒரு பகா எண்ணுக்குள்ளே காரணி ஏதும் கிடையாது, பார்க்க ஒன்றும் இல்லை. அதன் இரு பக்கத்து எண்களில்தான் அதன் குணம் தெரியும்.

ஒன்றை நான் தொடங்கி வைக்கிறேன். ப-வால் வகுத்து மீதியை மட்டும் பார்க்கும் கணக்கில் 2-க்கு வர்க்கமூலம் உண்டு. அது 2⁶⁴. வர்க்கப்படுத்தினால் 2¹²⁸, அதாவது 2 × 2¹²⁷. 2¹²⁷-இன் மீதி 1. எனவே விடை 2. இத்தனை பெரிய எண்ணுக்கு வர்க்கமூலம் மனக்கணக்கிலேயே வந்துவிடுகிறது. மற்றவர்களும் சேருங்கள்.

முதலாமாண்டு:

அண்ணா, படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்குப் பிடிபடவில்லை. 39 இலக்க எண்ணை வைத்து நான் எதையும் சரிபார்க்க முடியாது. சின்ன எண்ணில் ஒரு முறை செய்து காட்ட முடியுமா? லூக்காஸ் எப்படி நிறுவினார் என்பதும் தெரியவேண்டும். கையால் வகுத்துப் பார்த்தாரா?

கணித ஆசிரியை:

வகுத்துப் பார்த்திருக்கவே முடியாது, தம்பி. ப-வின் வர்க்கமூலம் சுமார் 1.3 லட்சம் கோடி கோடி. அதுவரை உள்ள பகா எண்களால் எல்லாம் வகுக்க வேண்டும். இந்த வகை எண்ணுக்குக் காரணி இருந்தால் அது 254-இன் மடங்கைவிட ஒன்று அதிகமாக இருக்க வேண்டும், 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும் என்ற சலுகைகள் உண்டு. சின்ன உதாரணம்: 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இரண்டுமே 22-இன் மடங்கைவிட ஒன்று அதிகம். இந்தச் சலுகைகளை வைத்து வடிகட்டினாலும் மிஞ்சும் வேலை ஒரு மனிதனின் ஆயுளில் அடங்காது.

லூக்காஸ் காரணியைத் தேடவில்லை. அவர் செய்ததை 127-ஐ வைத்துச் செய்து பார்ப்போம். 127 = 2⁷ − 1, அதுவும் இதே குடும்பம்தான்.

3-இல் தொடங்கு. ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி 2-ஐக் கழி. 127-ஐத் தாண்டினால் மீதியை மட்டும் வைத்துக்கொள்.

3
3² − 2 = 7
7² − 2 = 47
47² − 2 = 2207, மீதி 48
48² − 2 = 2302, மீதி 16
16² − 2 = 254, மீதி 0

ஆறாவது இடத்தில் சுழியம் வந்துவிட்டது. எனவே 127 பகா எண். 2¹²⁷ − 1-க்கு இதே வேலையைச் செய்தால் 126-ஆவது இடத்தில் சுழியம் வர வேண்டும். நூற்றுச் சொச்சம் வர்க்கங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வகுத்தல். கடினமான வேலைதான், ஆனாலும் மனிதனால் முடியும். லூக்காஸ் இதை இரும எண் முறையில், சதுரங்கப் பலகை மாதிரிக் கட்டங்களில் காய்களை வைத்துச் செய்யும் வழியையும் விவரித்திருக்கிறார்.

இப்போது கடைசிக்கு முந்தைய எண்ணைப் பார். 16. வகுமீதி சொன்ன 2-இன் வர்க்கமூலம் அதுதான்! 127-க்கு அது 2⁴, அதாவது 16. 16² = 256 = 2 × 127 + 2. கடைசியில் சுழியம் வர வேண்டுமானால் அதற்கு முந்தைய எண்ணின் வர்க்கம் 2-ஆக இருந்தே தீர வேண்டும். 3-க்குப் பதில் 4-இல் தொடங்கியும் செய்வார்கள்: 4, 14, 67, 42, 111, 0. இங்கே முந்தைய எண் 111, அதாவது −16. குறி மாறியிருக்கிறது, வேறொன்றும் மாறவில்லை. நம்முடைய ப-வுக்கும் சுழியத்துக்கு முந்தைய படியில் 2⁶⁴ அல்லது அதன் எதிர்மறைதான் நிற்க முடியும்.

வகுப்பில் இதைச் செய்யும்போது சுழியத்தை எல்லாரும் கவனிப்பார்கள். அதற்கு முந்தைய எண்ணை யாராவது தானாகக் கவனித்துக் கேட்டால் அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

முதலாமாண்டு:

டீச்சர், 127-ஐச் செய்து பார்த்துவிட்டேன், வருகிறது. ஆனால் சுழியம் வந்தால் பகா எண் என்று எப்படிச் சொல்ல முடிகிறது? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

வகுமீதி:

அங்கேதான் ப + 1 வேலை செய்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

3, 7, 47, 2207 என்ற எண்களுக்குப் பின்னால் (3 + √5) / 2 என்ற ஒரு எண் ஒளிந்திருக்கிறது. அதையும் அதன் தலைகீழியையும் கூட்டினால் 3. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 7. மறுபடி வர்க்கப்படுத்தினால் 47. ‘வர்க்கப்படுத்தி 2-ஐக் கழி’ என்ற விதி உண்மையில் இந்த எண்ணின் அடுக்கைத் திரும்பத் திரும்ப இரட்டிப்பாக்குவதுதான்.

126-ஆவது படியில் சுழியம் வந்தால், அந்த எண்ணை எத்தனை முறை பெருக்கினால் மறுபடி 1 வரும் என்பது துல்லியமாகத் தெரிந்துவிடுகிறது: சரியாக 2¹²⁷ முறை. குறைவாகவும் இல்லை, அதிகமாகவும் இல்லை.

இனி, ப ஒரு பகு எண் என்று வைத்துக்கொள்வோம். அதன் மிகச் சிறிய பகாக் காரணியை ‘க’ என்போம். க-வின் வர்க்கம் ப-வைத் தாண்டாது. க-வால் வகுத்து மீதி பார்க்கும் உலகில், √5-ஐச் சேர்த்துக்கொண்டாலும், பெருக்கலுக்கு உதவும் எண்கள் க² − 1-க்கு மேல் கிடையாது. க² − 1 என்பது 2¹²⁷-ஐவிடச் சிறியது. 2¹²⁷ வெவ்வேறு அடுக்குகள் அங்கே எங்கே போய் நிற்கும்? இடம் போதாது. எனவே ப-வுக்கு அப்படி ஒரு காரணி இருக்க முடியாது. நிரூபணம் அவ்வளவுதான்.

காரணி ஒன்றைக்கூடத் தொடாமல் காரணி இல்லை என்று காட்டுவது! எனக்குத் தெரிந்த நிரூபணங்களில் இதற்கு ஈடாகச் சொல்லக்கூடியவை குறைவு.

இன்னொன்று. 3, 7, 47, 2207 நான்கும் பிபனாச்சி வரிசையோடு (1, 1, 2, 3, 5, 8...) சேர்ந்து வரும் 1, 3, 4, 7, 11, 18, 29, 47 என்ற வரிசையில் 2, 4, 8, 16-ஆவது இடங்களில் இருப்பவை. இதிலிருந்து கிடைப்பது: ப-வால் மீதியின்றி வகுபடும் முதல் பிபனாச்சி எண் 2¹²⁷-ஆவது எண். 127-க்கு அது 128-ஆவது. அதற்கு முன் எதுவும் வகுபடாது.

நிரலாளர்:

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். இரும முறையில் ப என்பது 127 ஒன்றுகள், நடுவில் ஒரு சுழியம்கூட இல்லை. 128 பிட் குறியுள்ள முழு எண் வகையில் அடங்கும் மிகப் பெரிய எண்ணும் இதுவே. (64 பிட்டுக்கு இந்தப் பெருமை கிடையாது; 2⁶³ − 1 ஒரு பகு எண், 7-ஆல் வகுபடும்.)

இதனால் நிரலில் என்ன லாபம்? வகுத்தலே தேவையில்லை. இரண்டு எண்களைப் பெருக்கினால் 254 பிட் வரும். கீழே உள்ள 127 பிட்டைத் தனியாக வெட்டி, மேலே உள்ளதை அதோடு கூட்டு. 2¹²⁷-இன் மீதி 1 என்பதால் மேல்பகுதி அப்படியே கீழே இறங்கிவிடும். சாதாரண பகா எண்ணில் இந்த ஒரு படிக்கே நிறையப் பாடுபட வேண்டும்.

அப்புறம், வர்க்கமூலம். ப-வை 4-ஆல் வகுத்தால் மீதி 3. அப்படிப்பட்ட பகா எண்களில் ஒரு வர்க்க எண்ணின் மூலம் வேண்டுமானால் (ப + 1) / 4 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் போதும். இங்கே அது 2¹²⁵. அதாவது 125 முறை வர்க்கப்படுத்து, வர்க்கமூலம் வந்துவிடும்! வர்க்கப்படுத்திக்கொண்டே போய் வர்க்கமூலத்துக்கு வந்து சேர்வதை முதல் முறை நிரலில் ஓட்டிப் பார்த்தபோது நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2015-ல் காஸ்டெல்லோ, லோங்கா இருவரும் வெளியிட்ட ஃபோர்க்யூ என்ற நீள்வட்ட வளைவு (மறையாக்கத்தில் பயன்படும் ஒரு வகை வளைவு) இந்தப் பகா எண்ணின் மேல்தான் கட்டப்பட்டது. வேகத்துக்காகவே தேர்ந்தெடுத்தார்கள். இதே காரணத்துக்காக 2⁵²¹ − 1 இன்னொரு தரப்படுத்தப்பட்ட வளைவில் இருக்கிறது.

முதலாமாண்டு:

அப்படியானால் இருவர் பொதுவெளியில் பேசியே ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ளும் பழைய டிஃபி–ஹெல்மன் முறைக்கும் இதையே பயன்படுத்தலாமே? பகா எண், பெரியது, வேகமானது.

நிரலாளர்:

கூடவே கூடாது. 39 இலக்கம் இன்றைக்கு அந்த வேலைக்கு மிகச் சிறியது, அது ஒரு பக்கம். அதைவிட மோசம், ப − 1-இன் காரணிகள்:

2 × 3³ × 7² × 19 × 43 × 73 × 127 × 337 × 5419 × 92737 × 649657 × 77158673929

எல்லாம் பொடிப் பொடியாக உடைந்து கிடக்கிறது. இருப்பதிலேயே பெரியது 11 இலக்கம்தான். 1978-ல் போலிக், ஹெல்மன் இருவரும் காட்டியபடி, தனி மடக்கைக் கணக்கை (எந்த அடுக்குக்கு உயர்த்தினால் இந்த மீதி வரும் என்று கண்டுபிடிப்பதை; அந்தச் சாவி முறையின் பாதுகாப்பே அது கடினமாக இருப்பதில்தான்) ஒவ்வொரு காரணிக்கும் தனித்தனியாகத் தீர்த்து ஒட்டிவிடலாம். பெரிய காரணிக்கே சுமார் 2,78,000 படிகள் போதும். சாதாரண மடிக்கணினிக்கு ஒரு நொடி வேலை.

ஃபோர்க்யூவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே பாதுகாப்பு வளைவின் புள்ளிகளுடைய எண்ணிக்கையைப் பொறுத்தது, ப − 1-ஐப் பொறுத்தது இல்லை. ஆக, ‘பகா எண் பெரியது, எனவே பாதுகாப்பானது’ என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். எந்தக் குலத்தில் (பெருக்கல் மாதிரி ஒரு செயல் நடக்கும் எந்த எண்கள் அல்லது புள்ளிகளின் தொகுப்பில்) வேலை செய்கிறோம், அதில் எத்தனை உறுப்புகள் என்று கேளுங்கள்.

எண்நோக்கர்:

ஒரு ஆட்சேபம். இதுவரை சொன்னதில் பெரும்பாலானது எல்லா மெர்சென் பகா எண்ணுக்கும் பொருந்தும். 2-இன் வர்க்கமூலம், வெட்டிக் கூட்டுவது, லூக்காஸ் சோதனை, எல்லாமே 2³¹ − 1-க்கும் உண்டு. 8-ஆல் வகுத்தால் மீதி 7 என்பதால் இதை மூன்று வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது, நான்கு வேண்டும் என்று நானும் சேர்க்கலாம். அதுவும் 7-இலிருந்து எல்லாவற்றுக்கும் பொது. 2¹²⁶-ஆல் பெருக்கினால் 77 இலக்கச் செவ்விய எண் (தன்னைவிடச் சிறிய வகுத்திகளின் கூட்டலுக்குச் சமமான எண்) வரும், அதுவும் பொது. இழையின் தலைப்பு *இந்த* எண்ணைப் பற்றியது. இதற்கென்று தனியாக என்ன?

வகுமீதி:

நியாயமான கேள்வி. அடுக்கு 127 என்பதால் மட்டும் வருபவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, இதன் உடன்பிறப்பு. 2¹²⁷ + 1 கண்டிப்பாக 3-ஆல் வகுபடும். வகுத்தால் வரும் 38 இலக்க எண்ணும் பகா எண். ஒரே அடுக்குக்கு 2-இன் அடுக்கில் ஒன்று கழித்தாலும் பகா, ஒன்று கூட்டி மூன்றால் வகுத்தாலும் பகா. அதோடு 127 என்ற அடுக்கே 2⁷ − 1 என்ற வடிவத்தில் இருக்கிறது. 1989-ல் பேட்மேன், செல்ஃப்ரிட்ஜ், வாக்ஸ்டாஃப் மூவரும் முன்வைத்த ஊகம் இந்த மூன்று குணங்களையும் இணைக்கிறது: அடுக்கு 2-இன் ஏதாவது ஓர் அடுக்கைவிட ஒன்று அதிகம் அல்லது குறைவு, அல்லது 4-இன் ஓர் அடுக்கைவிட மூன்று அதிகம் அல்லது குறைவு என்பது ஒன்று; மற்ற இரண்டும் மேலே சொன்னவை. எந்த இரண்டு பொருந்தினாலும் மூன்றாவதும் பொருந்தும் என்கிறார்கள். மூன்றும் ஒன்றாகப் பொருந்தும் அடுக்குகளில் நமக்குத் தெரிந்த மிகப் பெரியது 127. 2³¹ − 1 இந்தக் கூட்டத்தில் உண்டு, 2⁸⁹ − 1 கிடையாது.

இரண்டாவது, வரலாறு. 1951-ல் இதன் இடத்தைப் பிடித்த எண்கள் இரண்டு. ஃபெரியர் மேசைக் கணிப்பானில் கண்ட 44 இலக்க (2¹⁴⁸ + 1) / 17 ஒன்று. மில்லர், வீலர் இருவரும் எட்சாக் கணினியில் கண்ட 79 இலக்க எண் இன்னொன்று. அந்த 79 இலக்க எண் என்ன தெரியுமா? 180 × ப² + 1. ப-வையே வைத்துக் கட்டியது! ஒன்று குறைந்த எண்ணின் பெரிய பகாக் காரணி கையில் இருந்தால் பகா என்று நிறுவுவது சுலபம். அவர்களுக்கு ப தயாராகக் கிடைத்தது.

மூன்றாவது, கேட்டலான் வரிசை. 2-ஐ எடு. 2² − 1 = 3. 2³ − 1 = 7. 2⁷ − 1 = 127. 2¹²⁷ − 1 = ப. ஐந்தும் பகா. ஆறாவது, ப-வையே அடுக்காக வைத்தால் வரும் எண். அதுவும் பகாவாக இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கணித ஆசிரியை:

முதல் இரண்டும் அருமை. மூன்றாவதில் நான் உடன்படமாட்டேன், வகுமீதி.

மெர்சென் பகா எண்ணை அடுக்காக வைத்தால் பகா வரும் என்று 3, 7, 31, 127 நான்கையும் வைத்து நம்பியவர்கள் உண்டு. அடுத்து 8191. 1953-ல் வீலர் கணினியில், அதை அடுக்காக வைத்தால் வருவது பகு எண் என்று காட்டினார். பிறகு காரணியும் கிடைத்தது: 338193759479. அதற்கடுத்த 131071-ஐ அடுக்காக வைத்த எண்ணுக்குக் காரணி 231733529. 524287-ஐ அடுக்காக வைத்ததற்கு 62914441. சந்தேகம் இருந்தால் கடைசியை இப்போதே சோதிக்கலாம்: 62914440 = 120 × 524287. அடுக்கின் இரு மடங்கால் வகுபடும் எண்ணைவிட ஒன்று அதிகம் என்ற விதிக்குள் சரியாக உட்காருகிறது.

கேட்டலான் வரிசை இந்தப் பெரிய வரிசையிலிருந்து நமக்கு வசதியான உறுப்புகளை மட்டும் எடுத்தது. சிறிய எண்களில் பகா எண்கள் அடர்த்தி அதிகம், அதனால் ஐந்து தொடர்ச்சியாக வந்ததில் வியப்பு கொஞ்சம்தான். ஆறாவது எண்ணின் இலக்கங்கள் சுமார் 5.1 × 10³⁷. அதை எழுதவே முடியாது. லூக்காஸ் சோதனை செய்ய வழியே இல்லை. காரணி தேடலாம், ஆனால் எந்தக் காரணியும் 2 × ப-வின் மடங்கைவிட ஒன்று அதிகமாக இருக்க வேண்டும், ஆக எதுவும் 39 இலக்கத்துக்குக் குறையாது. தேடியிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. கிடைக்காததைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வகுமீதி:

சான்று என்று சொல்லவில்லை, டீச்சர். அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது, அதற்கு மேல் உரிமை கோரவில்லை. ஆனால் ஒன்றை விடமாட்டேன்: அந்த ஆறாவது எண்ணைப் பற்றி நாம் இவ்வளவாவது பேச முடிவது ப பகா என்று தெரிந்ததால்தான்.

முதலாமாண்டு:

நானும் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். எண்நோக்கர் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் ஆகலாம்.

ப-வின் கடைசி இலக்கம் 7. அடுக்கை 4-ஆல் வகுத்து மீதி 3 வந்தால் எப்போதும் 7 வருகிறது. மீதி 1 வந்தால் கடைசி இலக்கம் 1 (31, 8191 மாதிரி). 7-இல் முடிவதால் ப − 2 என்பது 5-இல் முடியும், எனவே பகு எண். ப + 2 என்பது 3-ஆல் வகுபடும். ஆக ப-வுக்கு இரட்டைப் பகா எண் இல்லை.

அதைவிட, 1/ப-வைத் தசமத்தில் எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ப 7-இல் முடிவதால் ப-வின் மீதிக் கணக்கில் 5 ஒரு வர்க்கமாக இருக்க முடியாது, 2 வர்க்கம்தான் என்று மேலேயே பார்த்தோம். எனவே 10 வர்க்கம் இல்லை. அப்படியானால் மீளும் இலக்கங்களின் நீளம் இரட்டைப்படை எண்ணாகத்தான் இருக்கும். 1/127-இல் சோதித்தேன்: மீளும் நீளம் 42.

007874015748031496062
992125984251968503937

முதல் பாதியை மேலே, இரண்டாம் பாதியைக் கீழே எழுதியிருக்கிறேன். கூட்டினால் எல்லா இடத்திலும் 9! 1/7-இலும் இப்படித்தான், 142 + 857 = 999. ஆனால் 1/31-இல் நீளம் 15, ஒற்றைப்படை, பாதியாக வெட்டவே முடியாது.

அப்படியானால் 1/ப-வையும் முழுக்க எழுத முடிந்தால், இரண்டு பாதிகளும் கூடி முழுக்க 9-களாக வரும், இல்லையா?

எண்நோக்கர்:

வரும். அடுக்கை 4-ஆல் வகுத்த மீதியைப் பொறுத்துக் குடும்பம் இரண்டாகப் பிரிகிறது என்பதை இவ்வளவு கண்கூடாக நான் பார்த்ததில்லை. என் ஆட்சேபத்துக்கு இது பாதி பதில் இல்லை, முக்கால் பதில். அந்த மீளும் நீளம் எவ்வளவு? ப − 1 முழுதுமா, அதன் ஒரு பகுதியா? 127-க்கு 126 வராமல் 42 வந்ததே.

நிரலாளர்:

அதைக் கண்டுபிடித்துவிடலாம். நீளம் ப − 1-இன் வகுத்தியாக இருக்க வேண்டும், ப − 1-இன் காரணிகள் மேலே கிடக்கின்றன. 2-இன் கதை முடிந்துவிட்டது. மிச்சம் 3, 7, 19, 43, 73, 127, 337, 5419, 92737, 649657, 77158673929, ஆகப் பதினொரு பகா எண்கள். ஒவ்வொன்றாலும் ப − 1-ஐ வகுத்து, வரும் ஈவை 10-க்கு அடுக்காக வைத்து ப-வால் மீதி பார். எதிலும் 1 வராவிட்டால் நீளம் ப − 1 முழுதும். எதிலாவது வந்தால் அந்தக் காரணியை எடுத்துவிட்டு, மிஞ்சியதில் மறுபடி அதே சோதனை. 3, 7 இரண்டும் அடுக்கோடு இருப்பதால் அவற்றை ஒருமுறைக்கு மேல் சோதிக்க வேண்டி வரலாம், அதை மட்டும் கவனி.

தம்பி, இதை நீயே செய். அடுக்கேற்றும் செயற்கூறு எந்த நிரல் மொழியிலும் இருக்கும், பத்து வரி போதும். முதலில் 127-ஐக் கொடுத்து 42 வருகிறதா என்று பார்த்துக்கொள். பிறகு ப-வைக் கொடுத்து, வரும் விடையையும் நிரலையும் இங்கேயே போடு. நான் தனியாக ஓட்டி ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.